உமியைக் கறுப்பிலேயே நிறுத்துங்கள்: நாற்று வளர்ப்பவளின் கைக்குறிப்பு

உமியை என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பச்சையாக அள்ளிக்கொண்டு போய்ச் செடிக்குக் கொட்டாதீர்கள், கொளுத்திச் சாம்பலாகவும் ஆக்கிவிடாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, முழுக்கக் கறுத்தும் வெளுக்காமல் இருக்கிற ஒரு நிலை இருக்கிறது. அதுதான் உமிக்கரி. நாற்றுத் தட்டு, பதியன், தொட்டி, மண் எல்லாவற்றுக்கும் அந்தக் கறுப்பு ஒன்றே போதும் என்கிற அளவுக்கு நான் அதை நம்புகிறேன். உமியின் மற்ற பயன்களையும் கீழே சொல்லியிருக்கிறேன். ஆனால் அதிக நேரம் உமிக்கரியிடம்தான் நிற்கப்போகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

முதலில் பையைத் திறந்து பாருங்கள்

உமி என்று சொல்லிக் கொடுக்கப்படுவதெல்லாம் உமி அல்ல. நெல்லின் மேலே படகு மாதிரி இரண்டு ஓடுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். அந்த ஓடுதான் உமி. ஓட்டை நீக்கியபின் அரிசியை ஒட்டியிருக்கிற மெல்லிய தோல் உதிர்ந்தால் அது தவிடு. உள்ளே மணியே பிடிக்காத வெற்று நெல் பதர். அரைகுறையாகப் பால் பிடித்து நின்றுபோனது கருக்காய். வைக்கோல் துணுக்கும் தூசியும் சேர்ந்து கிடப்பது சண்டு. இவை ஐந்தும் ஐந்து வேலைக்கானவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பலன் கிடைக்காது, சில சமயம் கெடுதலும் வரும்.

ஆங்கிலப் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடும். ஹஸ்க் என்றால் நெல்லுமியும் உண்டு, தேங்காய் மட்டையும் உண்டு, மக்காச்சோளக் கதிரை மூடியிருக்கும் மடலும் உண்டு, இசப்கோல் விதையின் மேல்தோலும் உண்டு. தேங்காய் மட்டைத் துண்டுகள் ஆர்க்கிட் செடிக்கு நல்லது, நாற்றுத் தட்டுக்கு ஆகாது. இசப்கோல் தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று ஊதிக்கொள்ளும், அது மலச்சிக்கலுக்கு எடுத்துக்கொள்வது. பருப்பு வகைகளின் மேல்தோலையும் ஹஸ்க் என்றே எழுதுவார்கள். நமக்கு அது பொட்டு, மாட்டுக்குத் தீவனம். உறைமேல் ரைஸ் ஹஸ்க் அல்லது ரைஸ் ஹல் என்று இருந்தால் அது நெல்லுமி. ரைஸ் பிரான் என்றால் தவிடு. சாஃப் என்றால் தூற்றும்போது காற்றில் பறக்கிற எல்லாமும் அதில் அடக்கம்: பதர், சண்டு, உடைந்த உமி. குதிரைத் தீவனப் பையில் சாஃப் என்று போட்டிருந்தால் அது பொடியாக நறுக்கிய வைக்கோல் அல்லது உலர்புல், உமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கையால் சோதிப்பது எளிது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். சுத்தமான உமி உள்ளங்கையைக் குத்தும், கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். தவிடு கலந்திருந்தால் விரல் இடுக்கில் பசைபோல ஒட்டிக்கொண்டு நிற்கும், லேசான எண்ணெய் வாடையும் வரும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து 15 முதல் 20 சதவீதம் வரை இருப்பதால் சீக்கிரமே சிக்கு வாடை பிடித்துப் புழுவும் பூஞ்சையும் வைக்கும். இன்னொரு சோதனை: ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு பிடியைப் போட்டுக் கலக்கிவிடுங்கள். உமி மேலே மிதந்துகொண்டே இருக்கும், தண்ணீரும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். பால் கலந்ததுபோல் தண்ணீர் கலங்கினால் தவிடு நிறைய இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கலப்பு எந்திரத்தால் வருவது. ரப்பர் உருளை வைத்த ஆலையில் இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நடுவில் மாட்டுகிற நெல்லின் ஓடு உரிந்து, முழு உமியாகத் தனியே விழும். பழைய எங்கல்பெர்க் வகை எந்திரத்தில் எல்லாம் ஒரே உருளைக்குள் அரைபட்டு, உமியும் தவிடும் கலந்த தூளாகவே வெளியே வரும். அந்தத் தூளைக் கருக்க முடியாது. காற்றோட்டமில்லாமல் கட்டியாகப் புகைந்துகொண்டே கிடக்கும். உமிக்கரிக்கு ரப்பர் உருளை ஆலையின் முழு உமிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

உமி ஏன் இப்படி இருக்கிறது

நெற்பயிர் வேரால் தண்ணீரை இழுக்கும்போது அதில் கரைந்த சிலிக்காவையும், அதாவது மணலில் இருக்கிற தாதுவையும், சேர்த்தே இழுக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகிற இடங்களிலெல்லாம் அது படிந்து தங்கிவிடுகிறது. உமியின் வெளிப்பக்கத்தில் அது கண்ணாடித் தோல்போலவே படிந்திருக்கும். உமி சொரசொரப்பாக இருப்பதும், லேசில் மக்காததும், தண்ணீர் பட்டால் உடனே ஊறாமல் வழிந்து ஓடுவதும் அதனால்தான்.

கணக்காகச் சொன்னால், 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அந்த 20 கிலோவையும் முழுதாக எரித்தால் ஏறக்குறைய 4 கிலோ சாம்பல் மிஞ்சும். பெரும்பாலான விறகுகளில் சாம்பல் ஒன்றிரண்டு சதவீதம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள், உமியில் எவ்வளவு தாது இருக்கிறது என்பது புரியும். அந்தச் சாம்பலிலும் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்காதான். அரைகுறையாக எரித்து நிறுத்தினால் இந்தச் சிலிக்கா எலும்புக்கூடு அப்படியே நிற்கும், அதன் மேல் கரியும் தங்கும். அதனால்தான் உமிக்கரி உமியின் வடிவத்திலேயே, குட்டிக் குட்டிப் படகுகளாக, உள்ளே காற்றும் நீரும் தங்க இடத்தோடு இருக்கிறது. மரக்கரியைத் தூளாக்கினால் இந்த வடிவம் கிடைக்காது.

கருக்குவது எப்படி

இதற்குத் தேவையானவை மிகக் கொஞ்சம். 15 லிட்டர் பிடிக்கிற பழைய எண்ணெய்த் தகர டின் ஒன்று. ஒரு மீட்டருக்குக் குறையாத இரும்புப் புகைக்குழாய் ஒன்று, உள்ளங்கை அகலம் போதும். நீளக் காம்பு வைத்த மண்வெட்டி, பூவாளி, தடித்த கையுறை, மூக்கை மூடத் துணி அல்லது முகக்கவசம். பக்கத்திலேயே நிறைய தண்ணீர். தண்ணீரைக் கடைசியில் போய்த் தேடாதீர்கள், முதலிலேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டின்னின் அடிப்பக்கத்தை முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள். மேல்பக்கத்தில் புகைக்குழாய் செருகுகிற அளவு ஓட்டை. நான்கு பக்கச் சுவரிலும் ஆணியால் நெருக்கமாகத் துளைகள் குத்துங்கள். துளை பெரிதாக இருந்தால் உமி உள்ளே கொட்டி நெருப்பை மூடிவிடும், எனவே தடித்த ஆணி ஒன்றின் அளவு போதும். ஜப்பானில் இதற்கென்றே துளையிட்ட கூம்பும் குழாயும் சேர்ந்த தகரக் கருவி இருக்கிறது. அங்கே நெல் நாற்றுக்கு உமிக்கரி சேர்ப்பது நெடுநாள் வழக்கம், அதைக் குன்தான் என்பார்கள். கருவியின் பெயரும் வடிவமும் எப்படி இருந்தாலும் வேலை ஒன்றுதான்: நெருப்பு உள்ளே, உமி வெளியே, நெருப்பின் சூடு மட்டும் உமிக்குப் போகவேண்டும்.

இடம் திறந்தவெளியாக, தரை காய்ந்ததாக, மேலே கிளையோ கூரையோ இல்லாததாக இருக்கவேண்டும். காற்று பலமாக வீசுகிற நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. வீட்டுக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ ஒருபோதும் செய்யக்கூடாது, ஏனென்றால் இந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

தரையில் சுள்ளியும் சருகும் குவித்துத் தீ மூட்டுங்கள். தீ நன்றாகப் பிடித்துச் சுள்ளி தணலாக ஆரம்பித்ததும் டின்னைத் திறந்த அடிப்பக்கம் கீழே இருக்க அதன் மேல் வைத்து, குழாயைச் செருகுங்கள். குழாயில் புகை இழுத்துக்கொண்டு மேலே போகிறதா என்று பாருங்கள். இழுக்கவில்லை என்றால் டின்னைத் தூக்கி இன்னும் கொஞ்சம் சுள்ளி போடுங்கள். இழுவை வந்தபிறகு, டின் முழுக்க மறைகிற மாதிரி சுற்றிலும் உமியைக் கூம்பாகக் குவியுங்கள். குழாய் மட்டும்தான் வெளியே தெரியவேண்டும். காய்ந்த உமியாக இருக்கட்டும். நனைந்த உமி மணிக்கணக்காகப் புகைந்து பொறுமையைச் சோதிக்கும்.

முதலில் குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று கனமான புகை வரும். அதில் பெரும்பகுதி உமியில் இருக்கும் ஈரம்தான். அந்த நேரத்தில் குவியலைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், பொன்னிறம் அப்படியே இருக்கும். கிளறிப் பார்க்கத் தோன்றும், கிளறாதீர்கள். குழாயை ஒட்டிய உச்சியைக் கவனித்துக்கொண்டிருங்கள். அங்கே ஓர் இடத்தில் நிறம் மங்கிப் பழுப்பாகும். பிறகு அந்தப் பழுப்பின் நடுவில் காசளவு ஒரு கறுப்புப் பொட்டு தோன்றும். பொட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் விரிந்துகொண்டே போக, பின்னாலேயே கறுப்பு அதைத் துரத்திக்கொண்டு வரும். உள்ளிருந்து வெளியே கருகிக்கொண்டு வந்தது மேற்பரப்பை எட்டிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பக்கத்தில் இன்னொரு பொட்டு, கீழே இன்னொன்று என்று கிளம்பும்.

இங்கேதான் உங்கள் கை வேலை தொடங்குகிறது. அடிவிளிம்பில் இன்னும் பொன்னிறமாகக் கிடக்கிற உமியை மண்வெட்டியால் அள்ளி, கறுத்த இடங்களின் மேல் போர்த்துங்கள். காற்று பட்டால் கறுத்தது வெளுத்துச் சாம்பலாகிவிடும், பச்சை உமியைப் போர்த்தினால் காற்று மறைந்து அது காப்பாற்றப்படும். மறுபடி பொட்டு தெரியும், மறுபடி போர்த்துங்கள். விளிம்பில் பச்சை உமி தீர்ந்துபோகும்வரை இதேதான். அதன்பின் குவியலையே லேசாகப் புரட்டி, ஒளிந்திருக்கும் பழுப்பை உள்ளே தள்ளுங்கள். குவியலின் அளவைப் பொறுத்து இரண்டு மணி முதல் ஐந்து மணி நேரம் வரை பிடிக்கும். அந்த நேரம் முழுக்க ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்கிற காரியம் அல்ல இது.

நிறுத்துகிற நேரத்தைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குவியல் நூற்றுக்குத் தொண்ணூறு கறுத்து, அங்கங்கே பழுப்பு தெரிகிறபோதே நிறுத்துவது எனக்குப் பிடிக்கும். மிச்சப் பழுப்பும் கறுக்கட்டும் என்று காத்திருந்தால் ஏற்கனவே கறுத்ததில் சாம்பல் பூக்க ஆரம்பித்துவிடும். ஒரு பிடி பழுப்பு கலந்திருப்பதால் நாற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு படி கரி சாம்பலானால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கையுறை போட்டுக் குழாயையும் டின்னையும் எடுத்து ஓரமாக வையுங்கள். கரியைத் தரையில் மெல்லிய படுக்கையாகப் பரப்பி, பூவாளியால் நன்றாக நனையுங்கள். பிறகு புரட்டிவிட்டு மறுபடி நனையுங்கள். மேலே நனைந்து அடியில் தணல் இருப்பது உமிக்கரியின் குணம். கறுப்புக்குள் தணல் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே கை வைக்காமல் மேலே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், சூடு அடிக்கிற இடத்தில் இன்னும் தண்ணீர். இரவு முழுக்கப் பரப்பியே விட்டுவிட்டு, மறுநாள் குளிர்ந்ததை உறுதி செய்துகொண்டபின் மூட்டையில் அள்ளுங்கள். அன்றைக்கே அள்ளுவது, அதுவும் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைப்பது, தீ விபத்தை நாமே கூப்பிடுவதுதான். உமியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே கரியாகக் கிடைக்கும்.

உமிக்கரியை எதில், எவ்வளவு

பயன்படுத்துமுன் கழுவிவிடுங்கள். உமியில் இருக்கும் சாம்பல்சத்து கரியில் செறிந்திருக்கும், அதனால் புதுக் கரி காரத்தன்மையோடு இருக்கும். சாக்கில் கட்டி, தண்ணீரை மேலேயிருந்து ஊற்றி வடியவிடுங்கள். இரண்டு மூன்று முறை ஊற்றினால் போதும். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் காகிதம் இருந்தால் வடிகிற தண்ணீரில் நனைத்துப் பார்க்கலாம். மழையில் சில வாரம் கிடந்த கரிக்குக் கழுவல் தேவையில்லை. அசேலியா, புளூபெர்ரி மாதிரி அமில மண்ணை விரும்புகிற செடிகளுக்கு நான் உமிக்கரி போடுவதில்லை.

நாற்றுத் தட்டுக்கு என் கலவை மூன்று சமபங்கு: உமிக்கரி, நன்றாக மக்கிய உரம், தென்னை நார்த்தூள். மக்கிய உரம் சத்து கொடுக்கும், நார்த்தூள் ஈரம் பிடிக்கும். உமிக்கரி தட்டின் அடிவரை காற்றைக் கொண்டுபோகும். நாற்றழுகல் வருவது பெரும்பாலும் நீர் தேங்கிக் காற்று போகாத கலவையில்தான். நெருப்பில் வெந்து வந்ததால் புதுக் கரியில் களை விதையோ நோய்க் கிருமியோ இருக்காது என்பதும் ஒரு நிம்மதி. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். உமிக்கரியில் தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. உரத்தைக் குறைத்துக் கரியைக் கூட்டினால் நாற்று உயிரோடு இருக்கும், ஆனால் வெளுத்து நிற்கும். அப்படிக் கலந்தால், வித்திலைக்குப் பின் வரும் உண்மையிலைகள் வந்தபின் நீர்த்த திரவ உரம் கொடுத்தாக வேண்டும்.

தண்டு பதியனுக்குக் கலவையே வேண்டாம், வெறும் உமிக்கரி. வெட்டிய தண்டுத் துண்டை நட்டு, கரியைச் சுற்றி விரலால் அழுத்தி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் விட்டபின் எடுக்கும்போது இதன் அருமை தெரியும். மண்ணில் வைத்த பதியனைப் பிடுங்கினால் மண் கட்டியோடு இளவேர்களும் அறுந்து வரும். உமிக்கரியில் லேசாகத் தட்டினால் கரி உதிர்ந்து, வெள்ளை வேர் ஒவ்வொன்றும் நுனி கெடாமல் கையில் தெரியும். வேர் விட்டபின் அதிலேயே விட்டு வைக்காதீர்கள், அங்கே தின்ன ஒன்றும் இல்லை. மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

நெல் பாய் நாற்றங்கால் போடுகிறவர்களுக்கு: மண் 70 பங்கு, மக்கிய தொழுவுரம் 20 பங்கு, உமி அல்லது உமிக்கரி 10 பங்கு. இந்தப் பத்துப் பங்குதான் பாயை லேசாக்கி, சுருட்டித் தூக்கும்போது உடையாமல் வைக்கிறது.

தோட்ட மண்ணில் கலப்பதானால் தனியாகக் கொட்டாமல், மக்குகிற உரக்குழியில் போட்டுச் சில வாரம் ஊறவிட்டுப் பிறகு எடுங்கள். கரியின் நுண்துளைகள் உரச்சத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணுக்குள் போகும்.

பச்சை உமி

பச்சை உமி கூடவே கூடாது என்பதில்லை, இடம் தெரிந்து போடவேண்டும். செடியின் வேருக்குப் பக்கத்தில் நிறைய கலந்துவிட்டால், அதை மக்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகிவிடும். களிமண்ணை இளக்க உமி கலக்க விரும்பினால் கூடவே தொழுவுரமும் சேர்த்து, விதைப்புக்கு நல்ல இடைவெளி விட்டு முன்கூட்டியே கலந்துவிடுங்கள். இன்னொரு தொல்லை, உமிக்குள் ஒளிந்து வரும் முழு நெல். பாத்தியெங்கும் நெல் முளைத்துவிடும். போடுவதற்கு முன்னால் உமியை நனைத்துக் குவித்து, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் அந்த நெல் அங்கேயே முளைத்து முடிந்துவிடும்.

மூடாக்காகப் போட மூன்று நான்கு சென்டிமீட்டர் கனம் போதும். போட்டவுடனே தண்ணீர் தெளியுங்கள், இல்லையென்றால் அடுத்த காற்றுக்குப் பாதி போய்விடும். தண்டை ஒட்டிக் குவிக்கவேண்டாம். உரக்குழியில் ஈரக் கழிவு சொதசொதவென்று நாறும்போது ஒரு கூடை உமி போட்டுக் கிளறினால், அதன் விறைப்பே உள்ளே காற்றுக்கு வழி செய்துவிடும். அதற்கு உமியை விட நல்ல பொருள் நான் பார்த்ததில்லை.

கோழிக்குப் படுக்கையாக ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். நனைந்து கட்டி பிடித்த இடத்தை உடனே அள்ளிவிட்டு, மற்றதை அடிக்கடி கிளறிவிடவேண்டும். பூசணம் பிடித்த உமியைப் பரப்பவே கூடாது. அந்தப் பூசண வித்துகள் குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும். பொரித்த குஞ்சுகளுக்கு முதல் சில நாள் உமியின்மேல் காகிதம் விரித்துவிடுங்கள், தீவனம் எது உமி எது என்று அவற்றுக்குத் தெரியாது. வளர்ப்பு முடிந்து அள்ளும் படுக்கை எச்சத்தோடு கலந்திருப்பதால் மக்குவதற்கு அருமையாக இருக்கும்.

தீவனமாக மட்டும் உமியைப் போடாதீர்கள். சிலிக்காவும், மரத்தன்மை தரும் லிக்னினும் நிறைந்த ஓடு மாட்டுக்கும் செரிக்காது. தவிடுதான் தீவனம். தவிட்டில் அரைத்த உமி கலந்திருக்கிறதா என்று பார்க்க மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையே உதவும், இங்கே மிதப்பது எவ்வளவு என்று பாருங்கள்.

பதரைப் பிரிப்பது

விதைக்கு நெல் வைத்திருப்பவர்கள் பதரையும் கருக்காயையும் முழுசாகப் பிரித்தாகவேண்டும். தூற்றும்போது சீரான இளங்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, முறத்தைத் தோளுக்கு மேலே உயர்த்தி, ஒரே சீராக மெல்லச் சரியவிடுங்கள். காலடியில் நேராக விழுவது கனத்த மணி. அதைத் தாண்டிக் கருக்காய், இன்னும் தாண்டிப் பதர், கடைசியில் சண்டு. நடுவில் விழுந்த வரிசையை மட்டும் மறுபடி தூற்றுங்கள். பிறகு முறத்தில் போட்டுப் புடைத்தால் மிச்சமும் முன்விளிம்புக்கு வந்துவிடும்.

அதற்கும் மேலே உறுதி வேண்டுமானால் உப்புநீர். ஒரு வாளித் தண்ணீரில் புதிய கோழிமுட்டையைப் போடுங்கள், அடியில் போய் உட்காரும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மேலே எழும். அதன் ஓடு நீருக்கு மேல் சிறு வட்டமாகத் தெரிகிற நேரம் உப்பு சரி. விதையைக் கொட்டிக் கலக்கி, மிதப்பதை அரித்தெடுங்கள். அடியில் நின்றதை உடனே நல்ல தண்ணீரில் உப்பு போகும்வரை அலசுங்கள். அலசாவிட்டால் முளைப்பு கெடும்.

அடுப்பு எரிக்க

உமி நல்ல எரிபொருள். ஒரு கிலோவில் ஏறக்குறைய 13 முதல் 15 மெகாஜூல் வெப்பம், அதாவது மூன்று கிலோ உமி ஏறக்குறைய ஒரு கிலோ மண்ணெண்ணெய்க்குச் சமம். ஆனால் மிக லேசானது. ஒரு கன மீட்டர் உமி ஏறக்குறைய 100 கிலோதான் தேறும், எனவே தூரத்திலிருந்து ஏற்றி வந்து எரிப்பது கட்டுப்படியாகாது.

பழைய முறையில் பக்கவாட்டில் அடியில் துளை வைத்த டப்பாவுக்குள், அந்தத் துளை வழியாக ஒரு குழாயையும் நடுவில் நிமிர்த்தி ஒரு புட்டியையும் வைத்து, சுற்றிலும் உமியை இறுக்கமாகக் கெட்டிப்பார்கள். புட்டியையும் குழாயையும் மெதுவாக உருவினால் காற்றுப்பாதை தயார். அடித்துளையில் தீ வைத்தால் நடுப்பாதையின் சுவர் எரிந்துகொண்டே அகலமாகும். ஆரம்பத்தில் புகை அதிகம், வெளியில் வைத்துப் பற்றவைத்துப் புகை அடங்கியபின் பாத்திரம் ஏற்றுங்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டுப் பொறியாளர் அலெக்சிஸ் பெலோனியோ வடிவமைத்த உமி வாயு அடுப்பு இதைவிட மேல். அதற்காக 2008-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. நீள உருளையில் உமியை நிரப்பி, மேலே பற்றவைத்து, அடியிலிருந்து சிறு மின்விசிறியால் காற்று ஊதுவார்கள். தீ மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும், உமியிலிருந்து கிளம்பும் வாயு மேலே நீலமாக எரியும். எனக்கு இந்த அடுப்பு பிடித்ததற்குக் காரணம், எரிந்து முடிந்தபின் உருளைக்குள் மிஞ்சுவது சாம்பல் அல்ல, கரி. தீ அடியைத் தொட்டதும் கரியைக் கொட்டி நனைத்துவிட்டால், சமையலும் ஆயிற்று, நாற்றுத் தட்டுக்கும் ஆயிற்று.

சாம்பலாகிவிட்டால்

ஏற்கனவே வெளுத்துப்போனது கையில் இருந்தால் அதற்கும் வேலை உண்டு. நன்றாகக் காய்ந்த விதையோடு உலர்ந்த சாம்பலைக் கலந்து வைத்தால், வண்டுகளின் மேல்தோலில் சிராய்ப்பு உண்டாகி ஈரம் வற்றிச் சாகும். சிமென்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகவும் உமிச்சாம்பல் போகிறது. ஆனால் அது 700 டிகிரி செல்சியசைத் தாண்டாமல் எரித்து மாவாக அரைத்த சாம்பலாக இருக்கவேண்டும், வீட்டு அடுப்புச் சாம்பலை நம்பிக் கட்டடத்தில் சேர்க்காதீர்கள்.

வெப்பம் மிகக் கூடினால் உமியின் சிலிக்கா படிகமாக மாறும். படிகச் சிலிக்காத் தூசி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. வெளுத்த சாம்பலைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள், காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். உமிக்கரியால் பல் தேய்ப்பதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். கண்ணாடித் துகள் போன்ற அந்தச் சிலிக்கா பற்சிப்பியைத் தேய்த்துவிடும், தேய்ந்த சிப்பி திரும்ப வளராது.

எடுத்து வைப்பது

பச்சை உமியைத் தரைக்கு மேலே பலகையில், நனையாத இடத்தில் வையுங்கள். முழு நெல் கலந்திருந்தால் எலி தேடி வரும், ஒருமுறை முறத்தில் புடைத்துவிட்டு மூட்டை கட்டுவது நல்லது. உமிக்கரி நனைந்தாலும் கெடாது, மக்காது. லேசான ஈரத்தோடு வைத்தால் அள்ளும்போது தூசி பறக்காது என்பதால் நான் அப்படியே வைக்கிறேன். பழைய தொட்டிக் கலவையைக் கொட்டும்போது அதிலிருக்கும் கரியையும் எறிந்துவிடாதீர்கள். உரக்குழியில் ஒரு சுற்றுப் போட்டெடுத்து அடுத்த தொட்டிக்குப் போடலாம்.